பலாமரத்தில் தொங்கும் குத்துப்பை

சரோனின் இடது கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கதையே அதிலிருந்துதான் கிளம்புகிறது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ஆட்டோகூட மூச்சு வாங்கி ஏறும் ரோட்டில் இருக்கிற ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள் சரோன். பிறவியிலேயே இடது கைக்காரி. ரப்பர் மரத்துக்கோ இடது கைக்காரியைக் கண்டால் ஆகாது. வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து வர வேண்டும். வலது கையில் கத்தி இருந்தால்தான் அதற்குத் தோதுப்படும். வேலைக்குப் போன புதிதில் கங்காணியிடம் அவள் வாங்காத வசவில்லை. சரி, தொலையட்டும் என்று வலது கைக்கே கத்தியைப் பழக்கிக்கொண்டாள். இடது கைக்கு மிஞ்சியது பால் வாளி. வாளி நிறையப் பாலோடு வழுக்குப் பாறையும் அட்டையுமாகக் கிடக்கிற மலையில் வருடக்கணக்காக ஏறி இறங்கிய கை அது. அந்தக் கைக்கு வேறு ஏதாவது வருமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, ஜயலத் மாஸ்டர் கேட்கும் வரைக்கும்.

அது சித்திரை வருஷப் பிறப்புக்கு டவுனில் நடந்த விளையாட்டு விழா. ஒரு பக்கம் வழுக்குமரம், ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைக்கிற விளையாட்டு. மைதானத்தின் மூலையில், இரண்டு கையிலும் தலையணை மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் வந்து குத்தலாம் என்று நின்றுகொண்டிருந்தார் மாஸ்டர். டவுனில் குத்துச்சண்டை பழக்குகிற மனிதர். இளவட்டங்கள் குத்திவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். சரோனின் புருஷன் சாள்ஸ் இருக்கிறானே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஆட்டோ ஓட்டுகிறவன், நாலு பேரிடம் பேசாவிட்டால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

"நம்ம சம்சாரம் ஒரு குத்து குத்தட்டும் மாஸ்டர்!" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டான்.

வெட்கத்தில் முகம் சிவந்துபோன சரோன், சட்டென்று முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று யோசிக்காமல் குத்தினாள். யோசிக்காததால் இடது கைதான் போனது. மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். தலையணையைக் கழற்றி விரல்களை உதறிப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நங்கி, ஆயெத்," என்றார். தங்கச்சி, இன்னொரு தரம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சரோன் டவுனுக்குப் போய் மாஸ்டரிடம் பழகினாள். நிற்கக் கற்றுக்கொண்டாள், நகரக் கற்றுக்கொண்டாள், தாடையை மறைத்துக்கொண்டு குத்தக் கற்றுக்கொண்டாள். காலம் முழுக்க 'பீச்சாங்கை' என்று திட்டு வாங்கிய கையை ஒரு மனிதர் 'ஷோக்' என்று சொன்னால் எப்படி இருக்கும்! வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மாஸ்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மாகாணப் போட்டிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். சரோனின் பெயரையும் அனுப்ப அவருக்கு ஆசை. ஆனால் ஞாயிறுக்கு ஞாயிறு மட்டும் பழகிய பிள்ளையை ரிங்குக்குள் தள்ளிவிட்டு அது அடி வாங்குவதைப் பார்க்கிற பாவம் அவருக்கு வேண்டாம். வீட்டிலே ஒரு குத்துப்பை தொங்க வேண்டும். தினமும் குத்த வேண்டும். வருகிற போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி லீவுக்கு, அவரே தோட்டத்துக்கு வந்து பார்ப்பார். பை தொங்கினால் பெயர் போகும். தொங்காவிட்டால் போகாது.

"எப்படிப்பட்ட பை மாஸ்டர்?" என்று சரோன் கேட்டாள்.

"உன் நிறையில பாதி இருக்கணும். மணல் போடாத, மணல் அடியில இறங்கிக் கல்லாயிரும். பழைய துணிதான் நல்லது," என்றார் அவர் சிங்களத்தில். "பழைய துணி எல்லா வீட்டிலயும் கிடக்கும்தானே?"

பாவம், நல்ல மனிதர். தோட்டத்து ஆட்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடியிருக்கிற லயத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அந்த வாரம் சாள்ஸுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹயர், வாடகைச் சவாரி, கிடைத்தது. சரோனும் தொற்றிக்கொண்டாள். நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் உள்ளே இருந்த நேரத்தில் இரண்டு பேரும் விளையாட்டுச் சாமான் கடையொன்றுக்குப் போனார்கள். வாசலிலேயே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. செக்கச் செவேலென்று, கண்ணாடி மாதிரி மினுமினுத்துக்கொண்டு.

"இதுதான்!" என்றான் சாள்ஸ், கல்யாணப் பெண்ணைப் பார்த்தவன் மாதிரி.

சரோன் கிட்டே போய்ச் சும்மா ஒரு விரலால் தள்ளினாள். பை பறந்து போய்க் கதவில் மோதித் திரும்பி வந்தது. கடையில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். ஹிமாயா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள்.

"அக்கா என்ன வேலை செய்றீங்க?"

"பால் வெட்டுறேங்க."

"கையக் காட்டுங்க பாப்போம்." சரோனின் இடது உள்ளங்கையில் வாளிப் பிடி போட்ட காய்ப்பை ஹிமாயா தடவிப் பார்த்தாள். "ஐயோ, இத எடுக்காதீங்க அக்கா. உள்ளுக்கு வெறும் ஸ்பொஞ். உடம்பு குறைக்க ஆசப்படுற ஆக்கள் வாங்குறது. உங்கட கைக்கு ஒரு மாசத்தில பிஞ்சிரும்."

அப்புறம் அசல் தோல் பை ஒன்றைக் காட்டினாள். அதன் விலையைக் கேட்டதும் சாள்ஸ் தன் மஞ்சள் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் ஹிமாயாவே உள்ளே போய், மடித்து வைத்திருந்த கெட்டிக் கான்வஸ் உறை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். வெறும் உறை, உள்ளே ஒன்றுமில்லை. நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியது. தையல் இரட்டையாக ஓடியிருக்கிறதா என்று சரோன் விரலால் தடவிப் பார்த்தாள். சங்கிலி மாட்டுகிற வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. மினுக்கம் இல்லை, பகட்டில்லை, ஆனால் உழைக்கிற சாமான் என்று தெரிந்தது. சரோனுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

"இத எடுத்துக்குவோங்க," என்றாள்.

வரும் வழியெல்லாம் உறையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

நிரப்புவதற்குத் துணி தேட ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது. லயத்தில் பழைய துணி என்று ஒரு சாதி கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள். சேலை பழசானால் தொட்டில். தொட்டில் பழசானால் ஜன்னல் சீலை. அதுவும் நைந்தால் அடுப்பங்கரைப் பிடிதுணி. பிடிதுணி கருகினால் பால்வெட்டுக் கத்தியைத் துடைக்க ஆகும். ஒரு துணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. சரோன் தன் தகரப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் தேறியது ஒரு கை துணிதான். சாள்ஸின் மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. காலர் நைந்து நூல் தொங்குகிற சட்டை. ஆனால் அதை அவன் ஆட்டோ எடுத்த நாளில் போட்டிருந்தானாம், ராசிச் சட்டையாம். கல்யாணம், கருமாதி, கிறிஸ்மஸ் எல்லாவற்றுக்கும் அதுதான்.

"அதத் தாங்களேன்," என்று சரோன் வாயைத் திறந்தாள்.

"என் தோலக் கேளு, உரிச்சித் தாரேன். சட்டையக் கேக்காத புள்ள," என்றான் சாள்ஸ். சொன்ன கையோடு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சாள்ஸின் முகத்தில் அந்த மின்னல் வந்தால் யாராவது நனையப் போகிறார்கள் என்று அர்த்தம். "நாம இருக்கிறது எங்க? ரப்பர் தோட்டத்தில! நாம எதுக்குத் துணிக்கு அலையணும்? மெத்து மெத்துன்னு ரப்பர் இருக்கும்போது?"

சும்மா சொல்லக் கூடாது, சரோனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறந்ததிலிருந்து ரப்பரோடு புழங்குகிறவர்களுக்கு ரப்பரைத் தவிர வேறு என்ன தோன்றும்?

டவுனில் மக்கீன் நானா கடையில் ஒட்டுப்பால் வாங்கலாம். வெட்டின கோட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்கிற பாலை உரித்தெடுத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் அவரிடம் விற்பார்கள். அவளுடைய நிறையில் பாதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. ஆகவே சரோன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பால் நிறுக்கிற தராசில் ஏறி நின்றாள். மக்கீன் நானா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முள்ளைப் பார்த்தார்.

"தங்கச்சி மழையில நனைஞ்சா வந்தீங்க? தண்ணிக்குக் கொஞ்சம் கழிச்சிக்கொள்றேன்," என்றார் பழக்கதோஷத்தில். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒட்டுப்பாலை உறைக்குள் திணித்தார்கள். சாள்ஸ் ஏறி மிதித்தான். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! ரப்பர் தோட்டத்துக்காரர்களே மூக்கைப் பிடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே, கூரைத் தகரத்துக்குக் கீழே ஓடுகிற வளைமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கட்டி முடித்துச் சாள்ஸ் இடுப்பில் கை வைத்து அழகு பார்த்தான். ஆனால் இரண்டு நாள் வெயில். தகரச் சூட்டில் உள்ளே இருந்த ஒட்டுப்பாலெல்லாம் ஒன்றோடொன்று உருகிப் பிடித்து ஒரே கட்டியாகிப் போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் சரோன் கையில் துணி சுற்றி, மாஸ்டர் கொடுத்த கையுறை மாட்டி, ஆண்டவரே என்று இடது கையை ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

கல்லைக் குத்தினால் கை வலிக்கும், அதோடு போகும். பந்தைக் குத்தினால் பந்து துள்ளும், அதோடு போகும். இது கல்லும் பந்தும் சேர்ந்து பெற்ற பிள்ளை. குத்தின வேகத்தில் அந்தப் பக்கம் போய், போன வேகத்துக்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்து சரோனை நெஞ்சிலே இடித்து அரிசிச் சாக்கின் மேல் உட்கார வைத்துவிட்டது. அதுவாவது பரவாயில்லை. அந்த வளைமரம் இவர்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமா? லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் ஒரே மரம் ஓடுகிறது. மரம் அதிர்ந்தது. லயம் முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான் கலகலத்தது. அடுத்த வீட்டில் 'ணங்' என்று ஒரு பெரிய சத்தம். அப்புறம் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியைக் கேட்டே சாள்ஸ் கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

அடுத்த வீடு அழகம்மாவின் வீடு.

அழகம்மாவும் பால் வெட்டுகிறவள்தான். லயத்தில் மூத்தவள் இல்லை, தலைவியும் இல்லை, ஆனால் அவள் குரல் எடுத்தால் மலைக்கு அந்தப் பக்கம் டிவிஷனில் நாய் குரைக்கும். தமிழில் திட்டித் தீராவிட்டால் சிங்களத்தில் தொடருவாள். அன்று மகள் வருகிறாள் என்று கோழிக்குழம்பு வைத்து இறக்கிச் சுவர்த் தட்டிலே வைத்திருந்தாள். குழம்பு இப்போது தரையில். அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"அடியே சரோனு! வீட்டுக்குள்ள என்னத்தடி கட்டித் தொங்கவிட்டிருக்க? யானையா?"

"அக்கா, மன்னிச்சிக்கோங்க அக்கா, நான் வேற குழம்பு..."

"குழம்ப விடு! நாளைக்குத் தகரமே தலையில விழும்! இன்னிக்கே அவுத்துத் தூரப் போடு!" அழகம்மா உள்ளே வந்து கோபத்தில் பையை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். பை ஆடிப் போய், திரும்பி வந்து அவள் தோளில் மோதியது.

அழகம்மாவை இதுவரைக்கும் யாரும் திருப்பி அடித்ததில்லை.

"ஓஹோ," என்றாள். அகப்பையைச் சரோன் கையில் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "என்னையேவா?"

அப்புறம் நடந்ததைச் சரோன் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். அழகம்மா குத்தினாள். "இது பால்ல தண்ணி கலந்தேன்னு சொன்னானே அந்தக் கணக்கப்பிள்ளைக்கு!" என்று ஒரு குத்து. "இது என் மகள ஒரு நாள்கூடத் தங்க விடாத மருமகனுக்கு!" என்று ஒரு குத்து. "இது எனக்கு வந்து வாச்சாரே, வாயத் தொறக்காத மனுசன், அவருக்கு!" அவள் புருஷன் மூக்கையா வாசலில் நின்று தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அன்றைக்கு அது மெய்யாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தினபோது அழகம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். கையைப் பார்த்தாள். வெறுங்கையால் கல்லுக் கட்டியைக் குத்தினால் என்ன ஆகும்? விரல் கணுவெல்லாம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

"ஆத்தாடி," என்றாள்.

சரோனுக்கு உயிரே போயிற்று. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள், கையை முக்கிப் பிடித்தாள், துணி சுற்றிவிட்டாள். கத்தி பிடிக்கிற கை. நாளைக்கு இந்தக் கையோடு எப்படிப் பால் வெட்டுவது? அழகம்மாவே வாயடைத்துப்போய் வீட்டுக்குப் போனது இன்னும் பயமாக இருந்தது. அன்று சாயங்காலமே சரோன் பையை அவிழ்த்து இறக்கினாள். சாள்ஸ் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கிப் போய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

"போகட்டும் விடுங்க," என்றாள் சரோன். "நமக்கு இதெல்லாம் சரிப்படாது."

சொன்னாளே தவிர, அவளால் தாங்க முடியவில்லை. போயாவுக்கு மாஸ்டர் வருவார், பை இருக்காது, பெயர் போகாது. அந்தக் கை மறுபடியும் வாளியைத் தூக்கப் போகும், அவ்வளவுதான். அழக் கூடாது என்று வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் விடியும்போதே எழுந்து தன் மரங்களை வெட்டி முடித்தாள். முடித்த கையோடு பக்கத்து மலையில் அழகம்மாவின் மரங்களுக்கும் போனாள். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. நேரம் கடந்தால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஓடி ஓடி வெட்டினாள். பால் சேர்க்கும் நேரத்தில் இரண்டு மலைக்கும் இரண்டு வாளி. அழகம்மாவின் பாலை அழகம்மாவின் பெயரிலேயே ஊற்றிவிட்டு, முதுகு ஒடிந்தவள் மாதிரி லயத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலில் அழகம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை.

"உன்ன யாரு எம் மரத்த வெட்டச் சொன்னது?"

"உங்க கை..."

"கை கெடக்கு கை. ரெண்டு நாள்ல வத்திரும்." அழகம்மா குரலைத் தாழ்த்தினாள். அவளால் தாழ்த்த முடியும் என்பதே சரோனுக்கு அன்றுதான் தெரிந்தது. "அடியே, நான் நேத்துப் படுத்தவ கட்டை மாதிரி தூங்கினேன்டி. எத்தன காலத்துக்குப் பெறகு! மனசுல இருந்ததெல்லாம் அந்தப் பையில போட்டுட்டு வந்த மாதிரி. அதத் தூக்கி ஏன்டி கோழிக்கூட்டுல போட்ட?"

சரோன் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒன்னு. வளைமரத்துல கட்டக் கூடாது. லயம் தாங்காது. என் பலாமரத்துல கட்டு."

லயத்துக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பலாமரம் அழகம்மா நட்டது. நிலம் கம்பெனியுடையதானாலும் நட்டவருக்குத்தான் மரம், அது லயத்துச் சட்டம். ஒரு பிஞ்சை யாராவது அண்ணாந்து பார்த்தாலே ஊர் இரண்டாகும். அந்த மரத்தில் கட்டலாம் என்கிறாள்! அதற்குள் அழகம்மா மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள். ரோஸ், பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று பழைய நூல் சேலைகள்.

"இதெல்லாம் தொட்டில் கட்ட வச்சிருந்தேன். நேத்து மக வந்து சொல்லிட்டா, ரெண்டு புள்ள போதுமாம், இனி தொட்டில் வேணாமாம். அப்புறம் இதுக்கு என்ன வேல? உன் பைக்குள்ள கெடக்கட்டும். அந்த நாத்தம் புடிச்ச ஒட்டுப்பால மக்கீன் நானாவுக்கே வித்துத் தொல."

சரோன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, கை, கை!" என்று அழகம்மா கத்தினது மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. நாய் குரைத்தது.

அழகம்மாவே கொடுத்துவிட்டாள் என்றால் லயத்தில் வேறு யார் கையை மடக்குவார்கள்? சாயங்காலத்துக்குள் வாசலில் துணி குவிந்தது. வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்கு ஒன்று. பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள். பிடிதுணியாக வைத்திருந்த ஆண்களின் சாரங்கள். ஒருவர் தேர்தலுக்குக் கட்டின துணி பேனர்களைக் கொண்டு வந்தார்; வேறொருவர் மே தினத்துக் கொடிகளைக் கொண்டு வந்தார். ஒரே பைக்குள் அத்தனை கட்சியும் சண்டையில்லாமல் கிடந்தது அன்றைக்குத்தான். கெட்டியாகி உள்ளே பிடித்துக்கொண்ட ஒட்டுப்பாலைச் சாள்ஸ் உறையிலிருந்து உரித்தெடுக்கப் பட்ட பாட்டைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மெத்து மெத்துன்னு ரப்பர் இருக்கும்போதுன்னு சொன்னது யாருங்க?" என்று சரோன் கேட்டாள்.

"எவனோ ஒருத்தன்," என்றான் சாள்ஸ்.

துணியைக் கிழித்து, மடித்து, ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, மூக்கையா உலக்கையால் இடித்து இறுக்கினார். அவர் வாயைத் திறக்காவிட்டால் என்ன, உலக்கை நன்றாகப் பேசியது. பலாமரத்தில் தொடை பருமனான கிளையில், மரம் அறுபடாமல் சாக்கு மடித்து வைத்து, அதன்மேல் சங்கிலி சுற்றித் தொங்கவிட்டார்கள். சரோன் குத்தினாள். 'தொம்' என்றது. கை வலிக்கவில்லை, பை பறக்கவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

போயா அன்று மத்தியானம் சாள்ஸ் மாஸ்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். லயமே பலாமரத்தடியில் கூடியிருந்தது. மாஸ்டர் பையைச் சுற்றி வந்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். அடியில் ஒரு குத்து, 'தொம்'. தலையை ஆட்டினார். நடுவில் ஒரு குத்து, 'தொம்'. மறுபடியும் தலையை ஆட்டினார். மேலே, முகம் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு குத்து. 'பொஸ்' என்று உள்ளே போயிற்று.

மாஸ்டர் முகம் மாறியது. "மேல இறுக்கம் காணாது நங்கி. தலைக்குக் குத்துறது இந்த இடத்திலதான். இப்படி அமுங்கினா உன் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். இத வச்சுக் குத்த விட மாட்டேன்."

சரோன் பையின் மேல்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். லயத்தில் இருந்த துணியெல்லாம் உள்ளே போய்விட்டது. இனிக் கட்டியிருக்கிறதைத்தான் அவிழ்க்க வேண்டும். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் அழகம்மாவின் பார்வை மெதுவாகத் திரும்பி ஓர் இடத்தில் நின்றது. அவளைப் பார்த்து மற்றவர்களும் அங்கேயே பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றான் சாள்ஸ், மஞ்சள் சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு.

"வேணாங்க," என்றாள் சரோன். அவளுக்குத் தெரியும், அவன் அதை எப்படி வைத்திருக்கிறான் என்று. "ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற துணி தேடிக்கலாம். மாஸ்டர்கிட்ட நான் கேக்குறேன்."

சாள்ஸ் அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை உதறி, ஒரு தரம் முகத்தில் ஒற்றி, அழகாக மடித்து மூக்கையாவின் கையில் கொடுத்தான்.

"பாத்து இடிங்கண்ணே," என்றான். "ராசியான சட்டை."

மூக்கையா பையின் வாயை அவிழ்த்துத் திணித்து, இடித்து இறுக்கினார். மாஸ்டர் மறுபடியும் மேலே குத்தினார். 'தொம்' என்றது. அவர் இரண்டாம் தரமும் குத்தினார். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"ஹரி நங்கி. நம தானவா."

பெயரைப் போடுகிறேன் என்று அவர் சொன்னதை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அழகம்மா போட்ட கூச்சலில் பலாமரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தது. சரோன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையுறையோடு மூடினதால் மூக்கில் நன்றாக இடித்துக்கொண்டாள்.

"உள்ளுக்கு என்னத்தப் போட்டீங்க? இவ்வளவு நல்லா நிக்குது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அபேம தமய் மாத்தயா!" என்றாள் அழகம்மா. எல்லாம் எங்களுடையதுதான். உடனே ஆளுக்கு ஆள் பையைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தார்கள்: இந்த இடத்தில் என் சாரம், இங்கே என் மகனின் சட்டை, இதற்குக் கீழே என் பேரன் படுத்த தொட்டில்.

சாள்ஸ் தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, வெறும் மேலோடு மாஸ்டரை ஏற்றிப் போனான். ஆட்டோச் சத்தம் வளைவில் இறங்கித் தேய்ந்தது. சரோன் மரத்தடியில் கால் வைத்து நின்றாள். வாளி தூக்கின கையை ஒரு தரம் மடக்கி நீட்டினாள். மேலே, சட்டை இருக்கிற இடத்தைப் பார்த்து ஓங்கிக் குத்தினாள்.

'தொம்' என்ற சத்தம் மலையெல்லாம் கேட்டது. கீழே ரோட்டிலிருந்து ஆட்டோ ஹோர்ன் 'பீப்' என்று பதில் சொன்னது.

சரோன் கலகலவென்று சிரித்தாள். மறுபடியும் குத்தினாள். மறுபடியும் 'பீப்'. அந்த மனிதன் மாஸ்டரையும் வைத்துக்கொண்டு வளைவில் ஆட்டோவை நிறுத்திக் காத்துக்கொண்டிருக்கிறான்!

"போதும்டி, தள்ளு," என்றாள் அழகம்மா, வீக்கம் வற்றின கையில் துணியைச் சுற்றிக்கொண்டு. "அடுத்தது நான். கணக்கப்பிள்ளைக்கு இன்னும் பாக்கி இருக்கு."